புது வண்டியா, ஓடிய வண்டியா?

வண்டி வாங்குவது ஆண்களின் விவகாரம் என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம் நிலவி வருகிறது. மாவரைக்கும் இயந்திரம் வாங்குவதென்றால் பத்து முறை நம்மைக் கேட்பார்கள். அதைப்போல் நூறு மடங்கு விலையுள்ள வண்டிக்கு மட்டும் முன்பணத்தைக் கட்டிவிட்டு வந்து, "துஆச் செய்யுங்கள்" என்பதோடு சரி. பிறகு தவணை தவறும் மாதத்தில் நம் கழுத்தையும் கையையும் பார்ப்பார்கள். ஆகவே அன்புச் சகோதரிகளே, சகோதரர்களே, 2025ஆம் ஆண்டின் இறுதியில் எங்கள் குடும்பம் ஒரு சரக்கு வண்டி வாங்கியபோது நடந்த ஆலோசனையைக் கணக்கு வழக்கோடு உங்கள் முன் வைக்கிறேன். இதே நிலையில் இருக்கும் ஒரு வீட்டுக்காவது இது பயன்படலாம்.

நாங்கள் சுங்குவார்சத்திரத்தில் வசிப்பவர்கள். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரைக் கடந்து காஞ்சிபுரத்தை அடைவதற்கு முன் வரும் ஊர். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது; வழிப்போக்கர் தங்கிச் சென்ற இடம். இன்று வழிப்போக்கரைவிடச் சரக்கு வண்டிகளே இங்கு அதிகம் தங்குகின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் நிஸான் ஆலை வந்தது. 2012இல் அதே ஒரகடத்தில் ஏறத்தாழ 400 ஏக்கரில் டைம்லர் நிறுவனத்தின் லாரி ஆலை திறக்கப்பட்டு, பாரத் பென்ஸ் என்ற பெயரில் பெரிய லாரிகள் ஓடத் தொடங்கின. எங்கள் ஊரை ஒட்டியே கைப்பேசியும் குளிர்பதனப் பெட்டியும் செய்யும் ஆலைகள் இருக்கின்றன. இப்பெரிய ஆலைகளைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள். அட்டைப் பெட்டி, மரத்தட்டு, ரப்பர் வளையம், சமையற்கூடத்துக்குக் காய்கறி என்று அவற்றுக்குள் ஓயாமல் ஏதாவது ஒன்று போய்வந்துகொண்டே இருக்க வேண்டும். ஒன்றேகால் டன் ஏற்றும் சிறு வண்டிக்கு இங்கே பிழைப்பு உண்டு என்று சொல்வது இதனால்தான்.

என் கணவர் பதினான்கு ஆண்டுகளாகப் பிறர் வண்டியை ஓட்டியவர். கடைசி ஆறு ஆண்டுகள் ஒரே முதலாளியிடம், ஒரே வண்டியில். முதலாளிக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் வெளிநாட்டில். "வண்டியை விற்றுவிடப் போகிறேன் பாய். நீங்களே எடுத்துக்கொண்டால் எனக்கும் மன நிறைவு" என்று சொல்லிவிட்டார். அவர் கேட்ட விலை 4,10,000 ரூபாய். வாங்காவிட்டால் என் கணவருக்கு வேலை இல்லை. இதுதான் எங்கள் முன்னிருந்த நிலைமை.

இந்தச் செய்தி பரவியவுடன் வேறொரு வாசலும் திறந்தது. பட்டறைகளுக்குச் சரக்கு அனுப்பும் ஒப்பந்தக்காரர் ஒருவர், "மூன்று ஆண்டுக்கு மேற்படாத வண்டியாக இருந்தால் மாத வாடகைக்கு எடுத்துக்கொள்கிறேன். டீசல் என் செலவு. ஓட்டுநரோடு சேர்த்து மாதம் 42,000" என்றார். என் மகனுக்கு அது தேனாக இனித்தது. அவனுக்கு இருபது வயது. வண்டி என்றால் உயிர். மறுநாளே ஒரு விற்பனை நிலையத்துக்குப் போய் விலைப்பட்டியலோடு வந்துவிட்டான்.

புது வண்டியின் பக்கத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. அடக்க விலை நூறு ரூபாய் என்றால் முன்பு 128 கொடுத்த இடத்தில் இப்போது 118. நிறுவனத்தின் உத்தரவாதம் இருக்கிறது. நடுவழியில் நின்றால் அவர்களே ஆள் அனுப்புவார்கள். முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எஃப்.சி. காட்டும் வேலையே இல்லை. எல்லாம் சேர்த்து, கூண்டு கட்டி, காப்பீடு போட்டு, சாலையில் இறக்க 8,60,000 ரூபாய். "2,10,000 மட்டும் கட்டுங்கள் அம்மா, மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று அந்த நிலையத்துப் பிள்ளை என்னிடமே தொலைபேசியில் சொன்னார். வட்டி எவ்வளவு என்று கேட்டேன். ஏழு விழுக்காடு என்றார்.

அந்த ஏழு விழுக்காட்டை எங்கள் வீட்டில் அவிழ்த்துப் பார்த்தவள் என் மகள். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாள். கடன் 6,50,000, காலம் 48 மாதம். ஏழு விழுக்காடு என்றால் ஆண்டுக்கு 45,500. நான்கு ஆண்டுக்கு 1,82,000. அசலோடு கூட்டினால் 8,32,000. அதை 48ஆல் வகுத்தால் மாதத் தவணை 17,333. இதுவரை யாருக்கும் விளங்கும். "ஆனால் அம்மா, மூன்றாம் ஆண்டு முடியும்போது கடனில் பெரும்பகுதியைத் திருப்பிக் கட்டியிருப்போம். அப்போதும் ஆறரை இலட்சத்துக்கே வட்டி போடுகிறார்கள்" என்றாள். மாதந்தோறும் குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் இதே தவணையைக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 12.7 விழுக்காடாக வருகிறது. நேர் வட்டி என்று சொல்லும் கணக்கில் காதுக்கு இனிக்கும் எண் வேறு, கையிலிருந்து போகும் பணம் வேறு. யாராவது உங்களிடம் வண்டிக் கடன் வட்டியைச் சொன்னால், அது நேர் வட்டியா, குறையும் அசலின் மேல் போடும் வட்டியா என்று முதலில் கேளுங்கள்.

வட்டி என்பதே நமக்கு விலக்கப்பட்டது. அதில் ஏழென்ன, பன்னிரண்டென்ன என்று என் மாமி கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரிதான். ஆயினும், வேறு வழியில்லை என்று சொல்லிக்கொண்டு தவணையில் இறங்கிய எத்தனையோ பேரை நாம் அறிவோம். அவர்களை நோக்கிக் கையை நீட்ட எனக்கு மனமில்லை. ஜமாஅத் பைத்துல்மால்கள் கல்விக்கும் மருத்துவத்துக்கும் வட்டியின்றி உதவுகின்றன. வண்டியின் விலை அளவுக்கு அவற்றின் கை நீளுவதில்லை. ஆகவே வட்டியின்றி எங்களால் திரட்ட முடிந்த தொகை எவ்வளவு என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்று முடிவு செய்தோம். சேமிப்பு 1,90,000. நாத்தனார் மகன் ரியாதிலிருந்து வட்டியில்லாக் கடனாகத் தரச் சம்மதித்தது 80,000. ஆக 2,70,000.

இங்கே கொஞ்சம் நின்று, ஓடிய வண்டிக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டும். 1954இல் டி.எஸ். சந்தானம் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், வண்டிக்குக் கடன் தருவதை நம் மாநிலத்தில் ஒரு தொழிலாகவே வளர்த்தது. ஓடிய லாரிக்குக் கடன் கேட்டு வருபவரை வங்கிகள் அந்நாட்களில் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. வண்டியும் பழையது, வாங்குபவரும் முதலாளி அல்லர், ஓட்டுநர். எதை நம்பிக் கொடுப்பது? 1979இல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், யாரும் நம்பாத அந்த ஓட்டுநர்களையே தேடிப் போய்க் கடன் கொடுத்தது. அதை வழிநடத்திய ஆர். தியாகராஜனுக்கு 2013இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. 2022இல் அந்நிறுவனம் தன் குழுமத்தின் இன்னொரு நிறுவனத்தோடு இணைந்து ஸ்ரீராம் ஃபைனான்ஸ் ஆனது. அங்கும் வட்டிதான், சந்தேகமில்லை. ஓடிய வண்டிக்குப் புது வண்டியைவிட வட்டி கூடுதலாகவும் இருக்கும். நான் சொல்ல வந்தது வேறு. ஓட்டுநராக இருந்தவர் பழைய வண்டி ஒன்றை வாங்கி உரிமையாளராவது நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் தலைமுறைகளாக நடந்து வருகிறது. பழைய வண்டியைக் குறைவாக எண்ணிய என் மகனுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

இனி, எங்கள் முடிவுக்கு அடிப்படையாக இருந்த நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். என் கணவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அன்றன்று ஓட்டிய நடைகளைச் சிறு நோட்டில் எழுதி வைப்பார்: எங்கிருந்து எங்கே, எவ்வளவு வாடகை, எத்தனை லிட்டர் டீசல், வழியில் என்ன செலவு. முதலாளியிடம் கணக்கு ஒப்படைப்பதற்காக எழுதியவை. ஆறு ஆண்டு நோட்டுகளும் அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. அவற்றை இறக்கி வைத்துக்கொண்டு, இஷாத் தொழுகைக்குப் பின் நானும் மகளும் ஒன்பது இரவுகள் உட்கார்ந்தோம். மாதத்துக்கு எத்தனை நாள் வண்டி உண்மையில் ஓடியது என்பதை மட்டும் முதலில் எண்ணினோம்.

ஊரடங்கு ஆண்டான 2020ஐத் தள்ளிவிட்டுப் பார்த்தால், சராசரியாக மாதம் 19 நாள். முப்பது நாளும் வண்டி ஓடுவதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையில் கிளம்பிப் போகிறவர் மாலையில் வருகிறார், வேறென்ன நினைப்பது? வாயிலில் காத்துக் கிடந்து வெறுங்கையோடு திரும்பிய நாட்களும் அந்த நோட்டில் இருந்தன. "லோடு இல்லை" என்று இரண்டே சொல். மிக மோசமான மாதத்தில் வண்டி ஓடியது எட்டே நாள். ஓடிய ஒரு நாளுக்கு டீசலும் வழிச்செலவும் போகக் கையில் நிற்பது ஏறத்தாழ 1,700 ரூபாய்.

இதை வைத்து இரண்டு பத்திகளாக எழுதினோம். பழைய வண்டி என்றால் பழுது, டயர், காப்பீடு இவற்றுக்கு மாதம் 9,000 ஒதுக்க வேண்டும். 19 நாளுக்கு 32,300. ஒதுக்கியது போக 23,300 வீட்டுக்கு. எட்டு நாள் மாதத்தில் 13,600 வரும். ஒதுக்கியது போக 4,600. கஞ்சியும் துவையலும்தான். ஆனால் வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள்.

புது வண்டிக்குப் பழுது குறைவு; 6,500 ஒதுக்கினால் போதும். ஒப்பந்த வாடகை 42,000இல் அதையும் தவணை 17,333ஐயும் கழித்தால் 18,167. என் கணவர் சம்பளத்துக்கு ஓட்டியபோது கொண்டு வந்ததும் ஏறக்குறைய அவ்வளவே. நான்கு ஆண்டுகள் தம் வண்டிக்குத் தாமே சம்பள ஓட்டுநராக இருந்தால், பிறகு வண்டி நமக்கு. அதுவும் ஒரு சேமிப்புத்தான் என்று மகன் வாதாடினான். அவன் வாதத்தில் சரக்கு இருந்தது. அதே ஒப்பந்தத்தில், ஒரு மாத முன்னறிவிப்பில் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம் என்றும் ஒரு வரி இருந்தது. ஒப்பந்தம் போய், வெளி வாடகைக்கு ஓட்டி, எட்டு நாள் மாதம் ஒன்று வந்தால்? 13,600 வரவில் 23,833 செலவு. 10,233 துண்டு விழும். அப்படி மூன்று மாதம் தொடர்ந்தால் வண்டி யார் வீட்டில் நிற்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

இப்படிப்பட்ட மாதங்கள் எங்கள் பகுதியில் கற்பனை அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலையில் ஒரு காலத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1ஆம் நாள் அது நின்றுபோனது. அந்த வளாகத்தில் சால்காம்ப் நிறுவனம் வந்து மீண்டும் விளக்கெரிய ஐந்தாறு ஆண்டுகள் பிடித்தன. மறைமலைநகரில் ஃபோர்டு ஆலையை மூடப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். 2022இல் கடைசிக் கார் வெளிவந்தது. 2024 செப்டம்பரில் எங்கள் ஊர் சாம்சங் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தது. அதில் யார் பக்கம் நியாயம் என்பது வேறு பேச்சு. ஆலை வாயிலை நம்பியிருப்பவர்கள் உள்ளே வேலை செய்பவர்கள் மட்டும் அல்லர் என்பதைச் சொல்கிறேன். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்டுவதை ஒத்திவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது நினைவிருக்கும். தவணைதான் நின்றது, அந்த ஆறு மாதத்துக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது.

இனி இயந்திரத்தைப் பற்றிச் சில சொற்கள். முதலாளியின் வண்டி 2019 நவம்பரில் பதிவானது, பி.எஸ். 4 வகை. 2020 ஏப்ரல் 1 முதல் நாடெங்கும் பி.எஸ். 6 வண்டிகளே விற்பனையாகின்றன. புதிய டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று பொதுவாக இருக்கிறது. சேரும் கரியை அதுவே சூடேறி எரித்துக்கொள்ளும். அதற்கு வண்டி கொஞ்ச நேரமாவது நிற்காமல் நல்ல வேகத்தில் ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டர் ஓடி ஒரு மணி நேரம் வாயிலில் நிற்கும் எங்கள் பிழைப்புக்கு அது அவ்வளவாக ஒத்துவராது என்று பட்டறைக்காரர் சொன்னார். பழைய வண்டியைத் தெருமுனைப் பட்டறையிலேயே பிரித்து மாட்டிவிடலாம். ஆயினும் புதியதன் புகை மிகவும் குறைவு என்பதை மறைக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் நடந்துபோகும் சாலையில்தான் நம் வண்டியும் ஓடுகிறது. எங்கள் இரண்டு பத்திக் கணக்கில் எழுத முடியாத ஒரு செலவு அது. காற்று வடிகட்டியையும் இன்ஜெக்டரையும் காலம் தவறாமல் பார்த்துவிட வேண்டும் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஓடிய வண்டி வாங்குபவரின் பெரிய பயம், மறைந்திருக்கும் குறை. மீட்டரைத் திருப்பியிருப்பார்களோ, விபத்தில் சிக்கிய சேசிஸைப் பற்றவைத்திருப்பார்களோ, மழைவெள்ளத்தில் மூழ்கியதோ என்றெல்லாம் சந்தேகம் எழும். எங்களுக்கு அந்தப் பயம் இல்லை. விற்பவரைவிட வாங்குபவருக்கே வண்டி நன்றாகத் தெரியும். ஆனால் இதிலும் ஒரு தர்மசங்கடம் முளைத்தது. ஆறாண்டு ஓடிய வண்டிக்கு என்ஜின் வேலை வரப்போகிறது, பெருஞ்செலவு என்று முதலாளி எண்ணிக்கொண்டிருந்தார். என்ஜின் திடமாக இருப்பதும், கிளட்சும் பின்பக்கப் பட்டைகளும்தான் தேய்ந்திருப்பதும் என் கணவருக்குத் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் விலை இன்னும் இறங்கும். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டுப் பார்த்து, ஈரத்தை அடியில் மறைத்த வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அது விற்பவருக்குச் சொன்னது. வாங்குபவர் அறிந்த நிறையை விற்பவரிடம் மறைக்கலாமா? என் கணவர் யாரிடமும் கேட்கவில்லை. நேரே போய், "முதலாளி, என்ஜினுக்கு இன்னும் சில ஆண்டுக்கு வேலை இல்லை. கிளட்சும் பட்டையும் மாற்ற வேண்டும், இரண்டு டயர் போட வேண்டும். இதை வைத்து விலை சொல்லுங்கள்" என்றார்.

பிறகு நடந்த பேரம் கௌரவமானது. புது வண்டிக்கு வரி குறைந்ததால் ஓடிய வண்டியின் சந்தை விலையும் இறங்கியிருந்தது. பதிவாகி ஆறாண்டு நிறைவதால் எஃப்.சி. காட்டும் காலமும் வந்திருந்தது. எட்டு ஆண்டு வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுதோறும் என்பது சட்டம். எஃப்.சி. காட்டிக் கொடுப்பது அவர் பொறுப்பு, கிளட்ச் முதலியன எங்கள் பொறுப்பு, விலை 3,60,000 என்று முடிந்தது. பழுது வேலைக்கும் டயருக்கும் 37,000 ஆகும் என்று பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்தார். இருபத்தைந்தாயிரமாவது கையிருப்பு இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்க விடமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். ஆக வேண்டியது 4,22,000, இருப்பது 2,70,000. குறைவது 1,52,000.

குறைந்த தொகைக்கு என் கையிலிருந்த இரண்டு வளையல்கள்தாம் வழி. என் மஹராக வந்தவை; பதினான்கு கிராம். 2025 அக்டோபரில் தங்கம் சவரனுக்கு 90,000 ரூபாயைத் தாண்டியிருந்தது. காப்பீட்டுக்காரர்கள் வண்டிக்குப் போடும் மதிப்பு முதல் ஆண்டு முடிவதற்குள் 15 விழுக்காடும், ஐந்தாம் ஆண்டு முடிவதற்குள் பாதியும் குறைந்துவிடுகிறது. ஏறும் பொருளைக் கொடுத்து இறங்கும் பொருளை வாங்குவதா என்று இரண்டு நாள் எனக்குத் தூக்கமில்லை. என் கணவர் ஒரு சொல்லும் வற்புறுத்தவில்லை. "மஹர் உன்னுடையது. வேண்டாமென்றால் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதுதான் என்னை மேலும் வாட்டியது.

பள்ளிவாசல் இமாம் ஹஸ்ரத்திடம் விளக்கம் கேட்டு அனுப்பினேன். வளையலை நானே விற்றுப் பணமாகக் கடன் கொடுத்தால் பணமே திரும்ப வரும். தங்கமாகக் கடன் கொடுத்தால் அதே தரம், அதே எடைத் தங்கமாகத் திருப்ப வேண்டும் என்றார். நான் வளையல்களை வளையல்களாகவே என் கணவர் கையில் கொடுத்தேன். அவர் விற்றுக்கொண்டார், கழிவு போக 1,52,000 கிடைத்தது. திருமறையின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம், கடனை எழுதி வைப்பதைப் பற்றியதாகும். அதை வாழ்நாளெல்லாம் ஓதுகிறோம்; கணவன் மனைவிக்குள் எழுதுவதென்றால் மட்டும் கூச்சப்படுகிறோம். என் சகோதரரும் கொழுந்தனாரும் சாட்சியாக, பதினான்கு கிராம் இருபத்திரண்டு காரட் தங்கம் என்று எழுதி, என் கணவர் கையெழுத்திட்டார். நாத்தனார் மகனின் 80,000க்கும் அவ்வாறே ஒரு சீட்டு. மாமி மட்டும், "பெண்டாட்டியிடம் கடன் சீட்டு எழுதிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்" என்று சிரித்தார்கள்.

பணம் கைமாறும் முன் பார்க்க வேண்டிய தாள்களைச் சொல்லிவிடுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள். வண்டியின் மேல் இருந்த கடனை முதலாளி 2022இலேயே தீர்த்துவிட்டார், ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் எச்.பி. ரத்தாகாமலே கிடந்தது. கடன் கொடுத்தவரிடம் தடையில்லாச் சான்றும் படிவம் 35உம் வாங்கி அதை நீக்க மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29உம் 30உம். "பெயரை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்" என்பவரை நம்பாதீர்கள். ஆர்.சி.யில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே இதில் விற்பவருக்கே அதிக ஆபத்து. காப்பீட்டையும் பதினான்கு நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பழைய அபராதங்கள் நிலுவையில் உண்டா என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். சரக்கோடு சேர்த்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. இலகுரக வண்டி உரிமம் உள்ளவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. என் மகன் அந்தச் செய்தியை வெட்டி வைத்திருக்கிறான்.

ஒப்பந்தக்காரரிடம் முடியாது என்று சொன்ன அன்று அவன் முகம் வாடியிருந்தது. மாதம் 42,000 என்ற எண் எளிதில் மறக்கக் கூடியதன்று. அந்த இடத்துக்கு எங்கள் தெருவிலேயே வேறொருவர் புது வண்டி எடுத்துப் போட்டிருக்கிறார், நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது. அல்லாஹ் அவருக்கு பரக்கத் செய்யட்டும். அவர் வீட்டில் இரண்டு பேர் ஆலையில் சம்பளம் வாங்குகிறார்கள்; எட்டு நாள் மாதம் ஒன்று வந்தாலும் அந்த வீட்டால் தாங்க முடியும். அவர்களுக்குப் புது வண்டி சரி, எங்களுக்கு இது.

எங்கள் பெயரில் வண்டி டிசம்பரில் ஓடத் தொடங்கியது. முதல் மாதம் 17 நாள், அடுத்த மாதம் 20. இடையில் ஒரு வெள்ளிக்கிழமை முழுதும் மின்கலம் இறந்து நின்றது. பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டில் அது இல்லை. கையிருப்பிலிருந்து எடுத்தோம். தங்கத்தின் விலையோ அதற்குள் இன்னும் ஏறிவிட்டது. "நீ கெட்டிக்காரி, பணமாகக் கொடுத்திருக்கலாம்" என்று என் கணவர் கேலி செய்கிறார். ஜனவரி முடிவில் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு கிராம் நாணயம் வாங்கி வந்து என்னிடம் கொடுத்தார். சீட்டின் பின்புறத்தில் தேதி போட்டு, மீதி பதின்மூன்று கிராம் என்று மகள் எழுதி வைத்திருக்கிறாள்.